மனிதருக்கான பெட்டி, நாயின் ரத்தம்

விலங்கு மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையை ஒட்டிய சின்ன அறையில் பதினோரு வருடமாக ரத்தம் சோதிப்பவரை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தராசு போல அவர் கணக்கு பிசகாது என்று, அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி டாக்டர் இன்னொரு முறை யோசிப்பதில்லை. அக்காவுக்கும் அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு திங்கட்கிழமை பஸ் கண்டக்டர் ஒருவர் தன் பழுப்பு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தசோகை என்பது பார்த்ததுமே தெரிந்தது, காரணம்தான் தெரியவில்லை. டாக்டர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இருப்பு என்று ஓரளவு கணிக்கலாம்.

நாய்க்கான சோதனைப் பெட்டி கைவசம் இல்லை. மனிதர்களுக்கானது ஒன்று அலமாரியில் இருந்தது. புரதம் புரதம்தானே என்று அக்கா அதிலேயே சோதித்தார். அளவு அடிமட்டத்தில் இருந்தது. இரும்புச் சத்து இல்லை என்று டாக்டர் மருந்து எழுதினார்.

பத்து நாள் கழித்து கண்டக்டர் ஜன்னலில் வந்து நின்றார். "அக்கா, இரும்ப ஊத்த ஊத்த இவன் துரும்பாயிட்டே போறான்."

அக்காவுக்கு அந்தப் பெட்டி மேலேயே சந்தேகம் வந்தது. பீப்பாய் என்று பெயர் வைத்து ஒரு நாயை வளர்க்கும் வாட்ச்மேனிடம் போனார்.

"உங்க பீப்பாயக் கொஞ்சம் புடிங்கண்ணே, ரத்தம் எடுக்கணும்."

"அவனுக்கென்ன கொறச்சல்? நேத்து என் செருப்பையே தின்னுட்டான்."

"கொறச்சல் இல்லாததாலதான் கேக்குறேன்."

அந்தக் கொழுத்த நாய்க்கும் அளவு அதே அடிமட்டம்தான். பெட்டிக்கு நாயின் புரதமே தெரியவில்லை. எந்த நாயைக் கொண்டுவந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும்.

வெளியே ஒருமுறை சோதிக்கலாம் என்று மட்டும் டாக்டரிடம் சொல்லி, நடந்த தவறை அக்கா மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் டாக்டர் அறைக்குப் போய், "தப்பு என்னோடது சார்" என்றார். கண்டக்டரிடமும் அவரே சொன்னார்.

"அப்போ பத்து நாளா இவன் வாயப் பொளந்து நான் ஊத்தினது?"

"வீண்தாண்ணே."

நாயிடமிருந்து மறுபடி ரத்தம் எடுத்ததும் கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ரத்தம் அன்றே நாய்க்கான பெட்டி உள்ள வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஃபெரிட்டின் வழக்கத்தைவிடப் பல மடங்கு. இரும்பு இல்லாமல் இல்லை. உள்ளே பூட்டிக் கிடந்தது. அடுத்த சோதனையில், உண்ணி கடித்து வந்த காய்ச்சல்தான் அதைப் பூட்டி வைத்தது என்று தெரிந்தது. மருந்து மாறியது. இரண்டாவது வாரம் நாய் தானாக எழுந்து தட்டை நக்கியது.

கடைசிச் சோதனைக்கு வந்தபோதும் கண்டக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசியும் புதிதாக வாங்கிய சோதனைப் பெட்டியுமாக வந்த அக்காவிடம், "இது யாருக்கான பெட்டி?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா கோபப்படவில்லை. பெட்டியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பஸ் டிக்கெட்டைச் சரிபார்ப்பது போல அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் நாயின் காலை நீட்டிப் பிடித்தார்.