மரக்காணம் கிடங்கில் செத்து விழுந்த வௌவால்கள்

மரக்காணம் உப்புக் கிடங்கில் செத்து விழுந்த வௌவால்களை சோதித்துப் பார்க்காமலே, "பூச்சிமருந்தால் சாவு" என்று ஒரு கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்தார். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். நோய் ஒன்றும் இல்லை என்று அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் இன்றும் கிடங்குக்குள் பெண்களை அனுப்புகிறார்கள்.

நான் போனது இந்த 1976 மாசியில். கிடங்கில் வேலை செய்யும் முனியம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரரின் தங்கை. வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுகின்றன என்று சொல்லியனுப்பியிருந்தாள். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். ஆனால் பூஞ்சைகளைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இருபது வருடமாகப் படிக்கிறேன்.

திண்டிவனத்தில் காலை ஆறேகாலுக்குப் பஸ். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது பைசா. ஏழரைக்குப் போகும் என்றார் கண்டக்டர், போனது எட்டரைக்கு. பிறகு உப்பள வரப்புகளில் மூன்று கிலோமீட்டர் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு வாரை அறுத்துவிடும்.

ஐப்பசி மழைக்குப் பூட்டும் கிடங்கை மாசியில்தான் திறக்கிறார்கள். அதற்குள் வௌவால் எச்சம் கணுக்கால் உயரம் சேர்ந்து, ஈரத்தில் பூசணம் பூத்துவிடுகிறது. புது உப்பு வருமுன் பெண்கள் அதைக் கூட்டி மூட்டை கட்டுகிறார்கள். வானூர்ப் பக்கம் எருவாகப் போகிறது. உள்ளே தூசி புகைபோல நின்றது.

"போன மாசியில கூட்டுனதுலேர்ந்து இருமல்ணே. டிபி மாத்திரை முழுங்குறேன், அப்படியேதான் இருக்குது. வௌவாலுக்கும் டிபியான்னு மேஸ்திரி கிண்டல் பண்றாரு" என்றாள் முனியம்மாள்.

செத்த வௌவால் ஒன்றைப் பிளேடால் அறுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நுரையீரல் முழுக்கக் கடுகு கடுகாக வெள்ளைக் கட்டிகள். பூஞ்சைதான் என்று எனக்குப் பட்டது. சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. அதையும் இன்னும் ஐந்தையும் டின்னில் வைக்கும்படி மேஸ்திரி ஆறுமுகத்திடம் சொன்னேன்.

மாலை மூன்றுக்குத் திண்டிவனம் கால்நடை ஆஸ்பத்திரியில் டின்னைத் திறந்தால், வாய்வரைக்கும் உப்பு!

"என்னய்யா இது, கருவாடா?" என்று டாக்டர் சிரித்தார். "உப்புல ஊறினதுல என்னத்த வளர்க்கிறது?"

அது நியாயம். ஆனால் கட்டிகள் உப்பிலும் அப்படியே இருந்தன. நுரையீரலையாவது பாருங்கள் என்று மூன்று முறை கேட்டேன். பேனாவைத்தான் எடுத்தார். காகிதத்தின் நகல் கிடங்கு முதலாளிக்கும் போயிற்று.

மறுநாள் திரும்பப் போய் ஆறுமுகத்தைப் பிடித்தேன். "ஏம்பா, உப்பு போடச் சொன்னது யாரு?"

"வெயில்ல நாறிடுமேன்னு நல்லதுக்குத்தான் போட்டேன் பெரியவரே. மரக்காணத்துல உப்பு போட யாரைக் கேக்கணும்?"

எனக்குப் பின்னால் முனியம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு உள்ளே போனாள்.

நீங்கள் போவதானால் குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே எல்லாம் கரிப்பு. செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். மீனவர்களிடம் ஐஸ் வாங்கி அதில் வைத்துக் கொண்டுவாருங்கள். டாக்டர் அந்தக் காகிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். கிடங்கு முதலாளி தண்ணீர் தெளிக்காமல் கூட்டச் சொல்லக் கூடாது. வௌவால்களைப் புகைபோட்டுக் கொல்லலாம் என்று யோசிக்கும் ஊர்க்காரர்கள் அதை விட வேண்டும், அவையும் நோயாளிகள். மாத்திரை கொடுக்கும் ஆஸ்பத்திரி முனியம்மாளின் சளியைப் பூஞ்சைக்கும் சோதிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை, கூலியில் கை வைக்காமல் அவளை வெளியே வரப்பு வேலைக்கு மாற்ற வேண்டியவர் ஆறுமுகம். நாளைக் காலையிலேயே.