பத்து மாத அட்வான்ஸ்

ஹைதராபாத்தில் வீட்டு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைதான். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அது தெரியாதா? ஆனாலும் 2007-இல் சென்னையிலிருந்து வேலை மாறி வந்த சாஃப்ட்வேர் பையன் ஒருவன் மாடி அறையைக் கேட்டபோது என் புத்தி கோணிக்கொண்டது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம். பத்து என்றேன். வாடகை நாலாயிரம். மறுபேச்சில்லாமல் நாற்பதாயிரத்தை எண்ணி வைத்தான்.

"நக்கோடி, வேண்டாம், ஊர் வழக்கப்படி வாங்கு. அது நம்ம பணம் இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். நாச்சாரம் ஃபாக்டரியில் அவர் வாங்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் வலி தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன். அந்தப் பணத்தில் பக்கத்திலேயே இன்னொரு அறை எழுப்பினேன். இரண்டு வாடகை வந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் பாருங்கள்.

மறு வருஷம் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வேலையை விட்டு அனுப்பின. புது அறை பூட்டியே கிடந்தது. ஒன்றாம் தேதி இவனும் வந்து நின்றான். வேலை போய்விட்டதாம், ஊருக்குப் போகிறானாம், அட்வான்ஸ் வேண்டுமாம். படிக்க வாங்கிய கடனுக்காக பாங்க்காரர்கள் அவன் வீட்டுக்கே வந்து அப்பாவை மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

பணம் சுவராக நிற்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வெள்ளையடிக்க வேண்டும், கரண்ட் பில் வரட்டும் என்று பூசி மெழுகினேன். குழாய் ஒழுகியதற்கெல்லாம் அவன்மேல் எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது, கோபமும் என்னுடையதே. சே, என்ன ஜென்மம் நான்! அவன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் காலையில் இறங்கி வந்து "ஆன்ட்டி, இன்னைக்கு?" என்று மட்டும் கேட்பான்.

இருந்த ஒரே வழி, தெருவில் நான் போட்டுவந்த ஐம்பதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு. யார் அதிகம் தள்ளுகிறார்களோ, அவருக்குத் தள்ளியது போக மிச்சம். ஒன்பதாம் தேதி காலை ஏலம். எட்டாயிரம் தள்ளுகிறேன் என்றேன். இட்லிக் கடைக்காரம்மா ஒன்பது என்றாள். பத்து என்றேன். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வந்தவள், சும்மா விடுவாளா? பதினொன்று என்றாள். பத்தைத் தாண்டினாலே எனக்கு நாற்பது தேறாது.

"பன்னெண்டு," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கையில் முப்பத்தெட்டு வந்தது. மிச்சம் இரண்டாயிரத்தை வீட்டுக்காரர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஓட்டமாக மாடியேறி, பைசா குறையாமல் அவனிடம் கொடுத்தேன். ஒரு நாள் மிச்சமிருக்கிறது, தலை தப்பியது என்று மூச்சு விட்டேன். அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பையில் வைத்து மூடிவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"நீங்க தரமாட்டீங்கன்னு நெனச்சுட்டோம் ஆன்ட்டி. நேத்து அம்மா தோட்டை வித்துக் கட்டிட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். முதல் நாளே 'பணம் இல்லப்பா, ஒன்பதாம் தேதி சீட்டு எடுத்துத் தரேன்' என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அந்தத் தோடு அந்த அம்மாவின் காதிலேயே இருந்திருக்கும்.