பெரட்டுக்கு எழும்பாத கங்காணி

களைத்துப் போனவனுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வாய் கசந்துவிடும். வாசலில் கால் கழுவும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அவர்களை ஏசுமுன் என்னைத்தான் ஏச வேண்டும். அந்த இனத்தில் முதல் ஆள் நான்.

கண்டிப் பக்கம் அம்பிட்டியவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் ஒன்பது வருஷம் பெரட்டுக் கங்காணியாக இருந்தேன். விடியுமுன் கொம்பூதி, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கதவுகளைப் பிரம்பால் தட்டி, ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்துவதுதான் பெரட்டு. யாராவது சுருண்டு படுத்திருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "காய்ச்சல் இல்லையே, எழும்பு" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இதை ஒரு பெரிய திறமை என்று எண்ணிக்கொண்டு, திருநீறு பூசிய நெற்றியோடு நிமிர்ந்து நடந்தேன். நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அந்த வருஷம் ஐப்பசியில் பழமெல்லாம் ஒன்றாகப் பழுத்தது. மழையும் விடவில்லை. இரண்டு மாதம் நின்றபடி சாப்பிட்டேன். சாமி கும்பிட்டதும் நின்றபடிதான். சாமி பாட்டின் பாதியிலேயே, காயப்போட்ட கோப்பிக்கு மழை வருமோ என்று வானத்தைப் பார்ப்பேன். கடைசி வண்டி மூட்டைகளோடு கண்டிக்கு இறங்கிய மறுநாள் காலையில் கண் விழித்தேன். கொம்பு ஆணியில் தொங்கியது. கை அதற்குப் போகவில்லை. வலி ஒன்றும் இல்லை. அந்தக் கொம்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. என் மனைவி நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்லையே" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

எனக்குக் கீழே இருந்த சின்னக் கங்காணி எனக்குப் பதிலாகக் கொம்பூதினான். நாலாம் நாள் தோட்டத்துத் துரையின் சொல்லைக் கொண்டுவந்து வாசலில் நின்றான். "தை பொறக்கிற அன்னைக்கு நீங்க களத்துல நிக்கணுமாம் அண்ணே. இல்லாட்டி கொம்பும் வேற ஆளுக்கு, இந்த வீடும் வேற ஆளுக்காம்."

வீடு என்றால், லயத்துக் கோடியில் இரண்டு அறை, தனி அடுப்படி. நான், மனைவி, மூன்று பிள்ளைகள். ஒரு மாதம் இருந்தது.

செய்தி கெலிஓயாவரை போயிருக்கிறது. அங்கே கடை வைத்திருந்த மச்சான், மனைவியின் அண்ணன், வந்து சேர்ந்தார். நாள் முழுக்கச் சாக்கின்மேல் உட்கார்ந்து ஈ ஓட்டுகிற மனிதர். உழைப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"மாப்புள, ஒங்களுக்குக் களைப்பு இல்ல. பக்தி பத்தல. மார்கழி முழுக்க விடியக்காலை ஓடையில முழுகி, புள்ளையார நூத்தியெட்டுத் தரம் சுத்தி, ஒருவேளை மட்டும் சாப்பிடுங்க. சிங்கம் மாதிரி எழும்பிருவீங்க."

"நீங்க அப்பிடிச் செஞ்சிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு? நான்தான் நல்லா இருக்கேனே!"

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போனது. எனக்குத் தெரிந்தது பெரட்டு ஒன்றுதானே. பிள்ளையாரையும் ஒரு துரையாக்கி, என்னையே கூலியாக்கி, நானே பிரம்பால் அடித்துக்கொண்டு புறப்பட்டேன். அந்தக் குளிரில் பல் கிட்டியது. மூன்றாம் நாள் நாற்பதாவது சுற்றில் கால் மடங்கி, மரத்தடியில் பிள்ளையாராக இருந்த கல்லுக்கு முன்னாலேயே விழுந்தேன். என் மனைவி வந்து தூக்கி உட்காரவைத்தாள்.

"சாமி ஒங்ககிட்ட என்ன கேட்டாரு?" என்றாள்.

நான் முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன்.

"நாளையிலருந்து ஒரு செம்பு தண்ணி. ஓடையில மொண்டு அவர் தலையில ஊத்துங்க. வீட்டுக்கு வந்துருங்க. ரெண்டாவது செம்பு மொண்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஒரு செம்பா! நூற்றைம்பது பேரை நிறுத்தியவனுக்கு ஒரு செம்பு! அவளை மனதுக்குள் இகழ்ந்துகொண்டேதான் போனேன். இகழ்ச்சியோடு ஊற்றிய தண்ணீரையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த நாளும் போனேன். ஒருநாள் வாசல்வரைதான் போக முடிந்தது. திரும்பி வந்து படுத்தேன். நான் திட்டை எதிர்பார்த்துக் காத்திருக்க, "ஓடை எங்கையும் ஓடிப்போகாது, படுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

ஒரு வாரத்துக்குப் பின் கல்லைச் சுற்றிக் கிடந்த இலைகளைக் கூட்டினேன். அதன் பின் மத்தியானச் சோற்றை உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். சிரிக்க வேண்டாம், அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் ஒரே ஒரு பாட்டு, கண்ணை மூடி, கடைசி வரிவரை. அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒருநாள் இலை கூட்டும்போது பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். விளக்குமாற்றைப் பிடித்தபடி அழுதேன்.

தை நெருங்கியது. கையும் காலும் வந்துவிட்டன. ஆனால் கொம்பு தொங்கிய ஆணியைக் கண்டால் ஒதுங்கி நடந்தேன். மனைவியிடம் சொன்னேன். "கொம்ப எடுத்தேன்னா மறுபடி விழுந்துருவேன். எடுக்கலன்னா வீடு போயிரும்."

அவள் தன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். மண் பூசி மெழுகி அவளே கட்டிய அடுப்பு. லயத்தில் வேறு யாருக்கும் அப்படி இல்லை.

"அந்த அடுப்புல பொகை ஜாஸ்திதான்" என்றாள்.

அது சுத்தப் பொய்.

தை முதல் நாள் கொம்பை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். ஊதவில்லை. குதிரைமேல் இருந்த துரையிடம் நீட்டினேன். "இத வேற ஆளுக்குக் குடுங்க தொரை. எனக்குக் கோப்பிக் கெளை வெட்ட ஒரு கத்தி குடுங்க, போதும்."

"நீ கங்காணி. கத்தி பிடிக்கிறது கூலி வேலை."

"தெரியுங்க."

"வீடு இல்ல."

"தெரியுங்க."

"பைத்தியம்" என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார். ஒன்பது வருஷம் அவர் என்னைப் பாராட்டிய எந்தச் சொல்லையும்விட அது எனக்கு இனித்தது.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் கதவை எத்தனை விடியலில் தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரிசை கோணுது கங்காணியாரே. இன்னுங் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாப்போம்."

வரிசை முழுவதும் சிரித்தது. நான் தள்ளி நின்றேன்.

அன்று சாயங்காலமே சாமான்களை லயத்து நடுவில் ஒற்றை அறைக்கு மாற்றினோம். மச்சான் ஒருதரம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார், உள்ளே வராமலே போய்விட்டார். அதன் பிறகு ஆளைக் காணவில்லை.

"வாசல் நிலை பதிவா இருக்காம், குனிஞ்சு வந்தா அண்ணனுக்கு முதுகு வலிக்குமாம்" என்றாள் என் மனைவி, புது அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டே.