நான் மாசமாக இல்லை என்று எத்தனை முறை சொல்வது?

போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் என் வயிறு உப்ப ஆரம்பித்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே முட்டிக்கொள்ளும். அடிக்கடி பாத்ரூம் ஓட வேண்டும். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், குழந்தையில்லை. எனக்குக் குழந்தை வேண்டி நம் சபை ஜெபிக்காத உபவாசக் கூட்டமே கிடையாது. அதனால் காக்ஸ் டவுனில் என் வயிற்றைப் பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"ஸ்டெல்லா, கர்த்தர் கண்ணைத் திறந்துட்டாரு!" என்று பாஸ்டரம்மா கட்டிக்கொண்டார்.

"இல்லைங்கம்மா, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன்."

"வாயால அப்படிச் சொல்லாதே. விசுவாசிம்மா."

என்ன சொல்லி என்ன பயன்? வீட்டுக்கு மாங்காய் வந்தது. மாமியார் படியேறக் கூடாது என்றார். கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் நின்று நான் சாட்சி சொல்ல ஞாயிற்றுக்கிழமைகூடக் குறித்தாகிவிட்டது. என் கணவர் சாமுவேலும், "டெஸ்ட் தப்பா இருந்தா?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அதனால்தான் டாக்டரிடம் போகாமலே இருந்தேன்.

ஒரு மத்தியானம் சமையலறையில் நின்றபடியே கத்தி ஜெபித்தேன். "ஆண்டவரே, குழந்தை கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. நான் சொல்றத காதுல வாங்குற ஒரே ஒரு ஆளையாவது அனுப்பும்." பக்தியோடு அல்ல, எரிச்சலோடுதான் கேட்டேன்.

மறுநாள், சாட்சி சொல்லும்போது போட மாமியார் வாங்கித் தந்த சுடிதார் துணியை எடுத்துக்கொண்டு, பிரேசர் டவுனில் டெய்லர் ஷகீலாவிடம் போனேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த அளவு அவர் நோட்டில் இருந்தது. டேப்பைச் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"என்ன மேடம் இது? கை ஒரு இஞ்ச் கொறஞ்சிருக்கு, தோளும் எளச்சிருக்கு. வயிறு மட்டும் நாலு இஞ்ச் ஏறியிருக்கு. உடம்புக்கு என்ன பண்ணுது?"

அத்தனை வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"துணிய அப்புறம் தெக்கலாம். மொதல்ல ஸ்கேன் எடுங்க" என்றார்.

ஸ்கேனில் இடது சினைப்பையில் கட்டி தெரிந்தது. "நீர்க்கட்டிதானே, யாருக்குத்தான் இல்ல?" என்று அதற்கும் ஆலோசனை வந்தது. டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். "பெரும்பாலும் நீர்க்கட்டி ஒண்ணும் பண்ணாது, தானா வத்திடும். ஆனா இது வெறும் தண்ணி இல்ல, உள்ள கெட்டியா சதை இருக்கு. எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் என்னன்னு தெரியும்."

எடுத்தார்கள். புற்றுநோய். ஆனால் சினைப்பையைத் தாண்டிப் பரவியிருக்கவில்லை. இரண்டு சினைப்பைகளையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். கீமோவில் முடி கொட்டியது. இப்போது நோய் இல்லை என்கிறார்கள், செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறேன்.

கட்டி ஒன்றும் மாயமாய் மறைந்துவிடவில்லை, சபையாரே. நான் கேட்டது காது கொடுக்கும் ஓர் ஆளை. கேட்ட மறுநாளே கர்த்தர் கொடுத்தார்.

போன வாரம்கூட ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "உன் குழந்தைக்காக இன்னும் ஜெபிக்கிறேன்" என்றார். கர்ப்பப்பையே இல்லை அக்கா! தயவுசெய்து அந்த ஜெபத்தை இன்றோடு நிறுத்துங்கள். அழுது முடித்துவிட்டேன், இனி என்னை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, வயிறு உப்புகிறது, சாப்பிட முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கே வாரக்கணக்கில் அப்படி இருந்தால் ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். கர்த்தரிடம் கோபமாகப் பேசினாலும் பரவாயில்லை, அவர் கேட்பார். அவரை நம்பலாம்.

நான் போட்டிருப்பது அதே துணிதான். ஷகீலா புதிதாக அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். நீங்கள் குறித்துக் கொடுத்த சாட்சியை ஒரு வருஷம் தாமதமாகச் சொல்லிவிட்டேன்.