வலப்பக்கம் விழுந்த கம்புகள்

மேலே "டக்" என்று ஒரு சத்தம், மறுகணம் சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் மோதித் துள்ளும் ஓசை. என் பத்தாவது வயதை நினைத்தால் முதலில் காதில் கேட்பது அதுதான். வல்லம் வடகாலில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் அந்த ஆண்டு "ஃபேமிலி டே" வைத்தார்கள். மெயின்டனன்ஸ் ஆட்கள் கழித்துப்போட்ட இரும்பில் ஒரு வளைவு செய்து, அதில் வண்ணக் கம்புகளைக் காந்தத்தால் தொங்கவிட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் எந்தக் கம்பு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. தரையைத் தொடுமுன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

அப்பா ஏழுமலைக்கு பிரஸ் மெஷினில் தகடு வைத்து எடுக்கும் வேலை. அவருடைய கைவேகத்தைப் பற்றி லைனில் எல்லோரும் பேசுவதாக அம்மா பெருமையாகச் சொல்வாள். ஆனால் கொஞ்ச காலமாகவே அவர் வாசற்காலில் தோளை இடித்துக்கொண்டிருந்தார். தட்டில் வலப்பக்கம் வைத்த பொரியலைத் தொடாமல் எழுந்துவிடுவார். "இன்னாய்யா, கண்ண எங்க வச்சிக்கினு கீற?" என்று அம்மா கேட்டால், "ஷிப்டு மாத்தி மாத்திப் போடறான், தூக்கம் பத்தல, வுடு" என்பார்.

அன்று நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். கூட வேலை செய்பவர்கள் விசிலடித்தார்கள். இடப்பக்கம் விழுந்த கம்புகளை அப்பா பூப்பறிப்பது போல் பிடித்தார். வலப்பக்கம் விழுந்தவற்றுக்கோ தலையைக்கூடத் திருப்பவில்லை. அவை ஒவ்வொன்றாகத் தரையில் துள்ள, வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் மாரியப்பன் அண்ணன் மட்டும்தான். லைன் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத வருஷங்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய், வலது பக்கம் நின்று கையை உயர்த்தி அசைத்தார். அப்பாவிடம் எந்த அசைவும் இல்லை.

"அண்ணே, நான் இங்கனதான் நிக்கேன்."

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"யாராண்டயும் சொல்லாத தம்பி. வேல பூடும். பொண்ணு படிச்சிக்கினு கீது."

"பிரஸ்ல கை போயிருச்சின்னா பொறவு என்ன செய்வீய? நாளைக்கு உங்கள மெஷின் பக்கம் விடமாட்டேன்ணே. என்னைய ஏசுங்க, பரவால்ல."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேசரித் தட்டோடு எங்களைத் தேடி வந்த அம்மாவின் காதிலும் அது விழுந்துவிட்டது.

வலது கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இடது கண்ணையாவது சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒப்பந்தத் தொழிலாளியான அப்பாவுக்கு மாற்று வேலை எதுவும் கிடைக்கவில்லை. மறுவாரமே வடக்குப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாரியப்பன் அண்ணனை அம்மா திட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்: "அவன் சொல்லாங்காட்டி கையும் பூட்டிருக்கும். நன்றி கெட்டுப் பேசாத." அந்தத் தீபாவளிக்கு மாரியப்பன் அண்ணனுக்கும் ஓர் இலை போடச் சொல்லிக் காத்திருந்தார். அண்ணன் வரவில்லை, ஓசூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

ரெட்டை ஜடை போட்டுப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நான் ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் அப்பாவின் இடது கண்ணும் அணைந்துவிட்டது.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் வேறொரு கம்பெனியின் சேமிப்புக் கிடங்கு நிற்கிறது. அந்த இரும்பு வளைவு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ. போன வருஷம் குன்றத்தூர்க் கோயிலில் எனக்குக் கல்யாணம். மாலையோடு அப்பா முன்னால் போய் நின்றேன். அவர் விரல்கள் என் நெற்றியிலும் கன்னத்திலும் மெதுவாக நகர்ந்து, காதோரம் எதையோ தேடித் தயங்கின.

"ரெட்ட ஜடை இன்னாத்துக்குமா அவுத்துட்ட?" என்று கேட்டார்.