அண்ணை அவித்த கொட்டைக் கறி

ஈர இலைகளைச் சப்பாத்தால் மிதிக்கும்போது ஒரு மணம் வரும்... கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மண். லண்டனில் ஒக்டோபர் என்றால் எனக்கு அந்த மணம்தான். அதோடு சேர்ந்து ஒரு திடுக்கமும் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. ஈஸ்ட் ஹாமில் அண்ணை, அண்ணி, நான் மூன்று பேரும் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். நான் வந்து இறங்கி அதிக நாள் ஆகவில்லை. அண்ணி அப்போது முழுகாமல் இருந்தார். சோற்றைக் கண்டாலே ஓங்காளம். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்...

பலாக்கொட்டைக் கறி.

அந்த நாளில் லண்டனில் பலாக்கொட்டைக்கு எங்கே போவது? அண்ணை கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றுப் பட்டால் நல்லது என்று அண்ணியைப் பார்க்குக்குக் கூட்டிப் போனோம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அண்ணிக்கோ கவலை.

"இவ்வளவு மரத்துக்கும் ஒரேயடியா என்ன நோய் வருத்தம் வந்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் அண்ணை குனிந்து எதையோ எடுத்தார். பளபளவென்று ஒரு மண்ணிறக் கொட்டை.

"இஞ்சேரும், இதைப் பாரும். பலாக்கொட்டைக்குத் தம்பி மாதிரி இருக்கு."

மரத்தடி முழுக்க அதேதான் கிடந்தது. கொஞ்சம் தள்ளி வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதை நூலில் கோத்து, ஒன்றோடு ஒன்று அடித்து உடைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதிர்ச்சி. சாப்பாட்டுச் சாமானை இப்படியா வீணாக்குவது?

"இவங்களுக்கு இதின்ரை அருமை தெரியாது," என்றார் அண்ணை.

கோட் பொக்கற், அண்ணியின் ஹாண்ட்பாக், என் கம்பளித் தொப்பி... எல்லாம் நிரம்பின. லண்டனுக்கு வந்த பிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அண்ணையே சமைத்தார். அவித்து, தோல் உரித்து, கட்டித் தேங்காய்ப்பாலைக் கரைத்து விட்டு, ஊரிலிருந்து வந்த தூளைப் போட்டு... வாசம் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு துண்டு எடுக்கப் போக, என் கையைத் தட்டி விட்டார்.

"ஆசைப்பட்ட ஆள் வாயிலை வைக்க முந்தி ஒருத்தரும் தொடக்கூடாது."

எங்கள் வீட்டு வழக்கம் அது. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் முதல் பங்கு. அதனால் ஒருவரும் ருசி பார்க்கவில்லை.

அண்ணி சாப்பிட்டார். அண்ணை எதிரே இருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு," என்றார் அண்ணி. இன்னும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு ஷீலா மேலே வந்தாள், தன் குழந்தையின் பழைய உடுப்புகளை அண்ணிக்குக் கொடுக்க. சிங்க்கில் கிடந்த தோலைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அது செஸ்ட்நட் என்ற கொட்டை போல இருந்தாலும் மனிதர் சாப்பிடும் சாமான் இல்லையாம்... நஞ்சாம். யார் சாப்பிட்டது என்று கேட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தோம். அண்ணி எழும்பி ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார்.

ஷீலாதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாள். பிள்ளை தப்புமா... அதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் ஊர்க் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி வைத்தேன்.

கடைசியில் டொக்டர் வந்தார். நல்ல காலம், கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருக்கிறார், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றார். அண்ணை சுவரில் சாய்ந்து நின்று அழுதார். அதற்கு முந்தி அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"உமக்குக் கசக்கேல்லையே?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"வேம்பு மாதிரிக் கசந்தது."

"பிறகேன் சாப்பிட்டனீர்?"

"நீங்கள் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

அடுத்த ஞாயிறு ஷீலா எங்களை லண்டனுக்கு வெளியே ஒரு காட்டுக்குக் கூட்டிப் போனாள். தின்னக்கூடிய செஸ்ட்நட் அங்கேதான் விழுமாம். கோது முழுக்க நெருக்கமாக முள், கொட்டையின் நுனியில் ஒரு சின்ன வால். பை நிறையப் பொறுக்கி வந்து, கீறி, ஓவனில் சுட்டோம்.

அண்ணி முதல் கொட்டையை உரித்து அண்ணையிடம் நீட்டினார்.

"முதல்லை நீங்கள்."

அண்ணை சாப்பிட்டார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கசக்கேல்லை," என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. உண்மையாகவே பலாக்கொட்டைக்கு உறவுக்காரன் போலத்தான் இருந்தது.

மே மாதம் துஷா பிறந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஒக்டோபரும் அந்தக் காட்டுக்குப் போனோம். பிளாஸ்கில் தேத்தண்ணி, பேப்பரில் சுற்றிய மீன் றோல்ஸ், கால் புதைய இலை... தொண்ணூறுகள் முழுக்க எங்களுக்கு அதுதான் ஹொலிடே. வீட்டுக்கு வந்ததும் முதல் கொட்டை அண்ணைக்கு. அவர் மென்று முடிக்கும்வரை துஷா கண்ணை விரித்துக்கொண்டு நிற்பாள். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்பாள்.

இப்போது ஈஸ்ட் ஹாமில் பலாக்கொட்டை பாக்கெட்டில், ஐஸாக, வருடம் முழுக்கக் கிடைக்கிறது. மரத்தைப் போனில் படம் எடுத்தால் அதுவே பெயர் சொல்கிறது. துஷா தான் இருக்கும் குட்மேய்ஸிலிருந்து கார் கொண்டு வந்து எங்களை வாசலில் ஏற்றிப் போகிறாள். ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை.

போன கிழமையும் போனோம். அண்ணை இல்லாத முதல் ஒக்டோபர்.

வீட்டுக்கு வந்து சுட்டோம். அண்ணி முதல் கொட்டையை உரித்தார். உரித்துவிட்டுப் பழக்கதோஷத்தில், அண்ணை வழக்கமாக இருக்கும் பக்கத்துக் கதிரைப் பக்கம் கையை நீட்டினார்.

துஷா சட்டென்று வாங்கப் போனாள். அண்ணி கொடுக்கவில்லை. கையை மடக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தானே வாயில் போட்டுக்கொண்டார். நானும் துஷாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பிடி இருக்கு, அம்மா?"

"நல்லாயிருக்கு," என்றார் அண்ணி.