பனியன் துணியில் வரைந்த இதயம்

இதயத்துக்கு நான்கு அறைகள் உண்டு என்பதை நான் முதன்முதலில் கேட்டது டிரிம்மரின் ‘டிக், டிக்’ ஓசைக்கு நடுவில். தைத்து முடித்த பனியனில் துருத்தி நிற்கும் நூல் நுனிகளை வெட்டும் சிறு கத்தரிக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். அந்த வேலைக்குப் ‘பிசிர் வெட்டுதல்’ என்று பெயர். புதுத் துணியின் வாடையும், தும்ம வைக்கும் பஞ்சுத் தூசியும், பக்கத்துச் சந்தின் பாத்திரப் பட்டறையிலிருந்து வந்த தட்டல் சத்தமும், இவை அனைத்தையும் மீறி உயர்ந்து ஒலித்த என் அக்காவின் குரலும் சேர்ந்ததே நான் கற்ற உயிரியல்.

திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாங்கள் அனுப்பர்பாளையத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ‘லைன் வீடு’ ஒன்றில் குடியிருந்தோம். அப்பா பனியன் கம்பெனியில் தையல்காரர். அவருடைய நாளை மணியால் அல்ல, ‘ஷிப்ட்’டால் அளந்தார்கள், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை. பூங்கொடியக்கா என்பவர் கம்பெனியிலிருந்து பனியன்களை, கம்பெனி வழக்கில் ‘பீஸ்’களை, கட்டுக்கட்டாக மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிசிர் வெட்டி முடித்ததும் எடுத்துப் போவார். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுடன் நானும் அக்காவும் உட்காருவோம். அக்காவின் பெயர் ஜெயராணி. நான் ஏழாம் வகுப்பிலும் அவள் பன்னிரண்டாம் வகுப்பிலும் படித்த ஆண்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அரசுத் தேர்வு வருகிறதே, இவளைப் படிக்க விட வேண்டுமே என்று அம்மாவுக்கு உண்மையான கவலை இருந்தது. அதற்கு அம்மா கண்ட வழி எளிமையானது: அக்கா டிரிம்மரைத் தொட வேண்டாம், அவள் பங்கை நாங்கள் இருவரும் வெட்டுவோம், அவள் எங்கள் அருகில் உட்கார்ந்து பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். “ஒருத்தி வாசிச்சா மூணு பேரு படிச்ச கணக்கு,” என்றார் அம்மா. அவ்வாறே ஆறு மாதம் நடந்தது. வாசிப்புக் கேட்கும்போது எங்கள் கைகள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதை அம்மா கவனித்தார். அக்கா நிறுத்தினால் கைகளும் தளர்ந்தன. அதன் பிறகு அவளுடைய படிப்பு எங்கள் வேலைக்குத் தாளமாயிற்று.

பூங்கொடியக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. வாசலில் மொபெட்டை நிறுத்தியபடியே, “ஏனுங்கக்கா, உங்கூட்டுப் பீஸெல்லாம் பன்னெண்டாவது பாஸ் பண்ணிப்போடுமாட்ட இருக்குதுங்க!” என்பார். அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அக்கா சிரித்ததாக நினைவில்லை.

ஏனெனில் அக்காவுக்கு வாசித்தால் மனத்தில் தங்காது. அவளுக்கு எழுத வேண்டும், வரைய வேண்டும். கை நகர்ந்தால்தான் அவளுக்குப் பாடம் நகரும். நோட்டை எடுத்தால் வாசிப்பு நின்றுவிடும் என்பதால் அவள் ஒரு தந்திரம் செய்தாள். கம்பெனியில் துணி வெட்டி மிஞ்சி, வீட்டில் எங்கும் கிடந்த வெள்ளைக் ‘கட்டிங் வேஸ்ட்’ துண்டு ஒன்றை முழங்கால்மேல் இழுத்துப் பிடித்து, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் பேனாவுமாக, வாசித்துக்கொண்டே எழுதுவாள். பனியன் துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பெரிதாக எழுதிய எழுத்துகள் முழங்காலை விட்டு எடுத்ததும் எறும்புகள்போல நெருங்கிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தாலும், எழுதும்போது அவள் குரல் தேய்ந்து, வாக்கியங்கள் பாதியில் நிற்கும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல் வரும். “எழுதாத, வாசிக்கா,” என்று நச்சரித்தது அம்மா மட்டுமல்ல, நானும்தான். இந்தக் கட்டுரையில் நான் கோபப்படும் ஆட்களின் பட்டியலில் என் பெயரும் உண்டு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூங்கொடியக்கா மொபெட்டை நிறுத்தாமலேயே காலூன்றி நின்று ஒரு குழந்தைப் பனியனை நீட்டினார். உட்புறத்தில் நீல மையில் ஓர் இதயம். நான்கு அறைகள், உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய், அம்புக்குறிகள்; துணி சுருங்கியதில் ஒரு குழந்தையின் நெஞ்சுக்கு ஏற்ற அளவாகிவிட்ட இதயம். வேஸ்ட் என்று நினைத்து நல்ல பீஸை எடுத்து முழங்காலில் விரித்துவிட்டாள் அக்கா. எங்கள் வீட்டில் கண்ணும் கையும் வேறு வேறு வேலையில் இருந்தன. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்கக்கா, பாப்பா பீஸுல பாடம் எழுதிப்போட்டுதுங்க. செக்கிங்ல மாட்டிக்கிச்சு. இன்னொருக்கா இப்படியாச்சுன்னா ஊடுகளுக்குப் பீஸே குடுக்க மாட்டோம்னு மேனேஜரு சொல்லிப்போட்டாருங்க,” என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, “நல்லாத்தான் வரைஞ்சிருக்கற கண்ணு,” என்றார். அந்தப் பாராட்டுதான் அவளை அழ வைத்தது.

அம்மா அடிக்கவில்லை. வீட்டிலிருந்த வேஸ்ட் துணியையெல்லாம் ஒரு சாக்கில் கட்டினார்; பேனாக்களை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். “ஏட்டி ராணி, வாய் சும்மாதான இருக்கு, வாசி. பேனா பள்ளிக்கூடத்துல போதும்,” என்றார். அந்த மூன்று வாரமும் அக்கா வாசித்தாள். ஒரு சொல்லும் தடுமாறாமல், ஒரு வாக்கியத்திலும் நிற்காமல், பட்டறைச் சத்தத்துக்கு மேலாக வாசித்தாள். எங்கள் கைகள் பறந்தன.

விலங்கியலில் சில மதிப்பெண்களில் தவறிப்போனாள். “வாசிச்சது எல்லாம் வாயோட போயிட்டு,” என்று அவள் ஒரே ஒருமுறை சொன்னாள். வகுப்பாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, “நேரத்தை ஒழுங்கா யூஸ் பண்ணத் தெரியாத பிள்ளை,” என்றார். மறுதேர்வு வந்தபோது கம்பெனிகளில் ஆர்டர் குவிந்திருந்தது. அக்காவும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த ஆண்டு இன்னும் வரவில்லை. நானோ, ஏழாம் வகுப்பிலேயே காதால் கேட்டிருந்த பாடங்களைப் பன்னிரண்டில் சந்தித்தபோது பழைய உறவினரைப்போல அடையாளம் கண்டு, வகுப்பில் முதலாவதாக வந்தேன். பாடத்தைவிட அதை வாசித்த குரலே என்னிடம் தங்கியதால் இலக்கியம் படிக்கப் போனேன்.

சென்ற மாதம் கல்லூரி அரங்கில் எங்களை உட்கார வைத்து, கற்றல் பாணியும் நேர மேலாண்மையும் என்று ஒரு நாள் பயிற்சி நடத்தினார்கள். இருபத்துநான்கு கட்டங்களாகப் பிரித்த ஒரு வட்டம். அதில் நம் நாளை நிரப்ப வேண்டும். என் பக்கத்தில் இருந்த தோழி கல்லூரி முடிந்து கம்பெனிக்குப் போகிறவள். மாலைக் கட்டங்களில் ‘அரை ஷிப்ட்’ என்று எழுதினாள். பயிற்சியாளர் குனிந்து பார்த்தார்.

“அரை ஷிப்ட்னா?”

“நாலு மணி நேரமுங்க சார்.”

“வாரத்துல எத்தனை நாள்?”

“பீஸு இருக்கிற அன்னைக்கெல்லாமுங்க.”

“அப்போ அதை நேர விரயத்துல போடும்மா. எப்படிக் குறைக்கலாம்னு யோசிப்போம்.”

“நான் குறைச்சா சோறுங் கொறையுமுங்க சார்,” என்றாள் அவள். அரங்கம் சிரித்தது, அவரும் நல்ல நகைச்சுவை என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து இருபது கேள்விகள். விடைகளைக் கூட்டிப் பார்த்து, நான் ‘செவிவழிக் கற்பவர்’ என்றார்கள். பாடங்களைப் பதிவு செய்து கேளுங்கள் என்று அறிவுரையும் தந்தார்கள். இயல்பு என்று அவர்கள் பெயரிட்டதை எனக்குத் தந்தது வேலை. என் கண் நூல் நுனிக்கும், என் கை டிரிம்மருக்கும் போய்விட்ட பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது காது ஒன்றுதான். அந்த மிச்சம் எனக்குப் பொருந்திப்போனது தற்செயல். பொருந்தாதவளுக்கு நேரத்தைப் பயன்படுத்தத் தெரியாதவள் என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு நாளை எப்படி வெட்டித் தைப்பது என்று மேடைபோட்டுச் சொல்லித்தருகிறார்கள். அந்த நாளின் துணி யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

இப்போது வீடுகளுக்குப் பண்டல்கள் வருவதில்லை. பிசிரைக் கம்பெனிக்குள்ளேயே வெட்டுகிறார்கள். பூங்கொடியக்காவின் மொபெட் இல்லை, பட்டறைச் சத்தமும் குறைந்துவிட்டது. அவற்றுக்காக நான் வருந்தவில்லை, ஒழியட்டும். ஆனால் அக்கா உரக்க வாசிப்பதும் நின்றுவிட்டது. கடைப் பெயர்ப்பலகையைக்கூட அவள் வாய்விட்டுப் படிப்பதில்லை.

பயிற்சி நடந்த அன்று அந்தக் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செக்கிங் வேலைக்குப் போகக் கம்பெனி வேனுக்காகக் காத்திருந்த அக்கா அதை வாங்கிக் கேள்விகளைப் பார்த்தாள்.

“எழுதிப் பாத்தாத்தான் மனசுல நிக்குறவளுக்கு என்னட்டி பேரு?”

“செய்து கற்பவர்.”

“அப்ப அதுக்கு ஒரு பேரு இருந்திருக்கு,” என்றாள்.

பிறகு என் பேனாவை வாங்கி, தாளின் பின்புறத்தில் இதயத்தை வரைந்தாள். கை எங்கும் தயங்கவில்லை. நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதினாள். இடப்பக்க வால்வு வந்ததும் நிறுத்தி, “இதுக்கு என்ன சொல்லுவாவ?” என்றாள். “ஈரிதழ் வால்வு,” என்றேன். பெயர் எனக்குத் தெரியும். அதன் இடம் எதுவென்று அவள் கோடு இழுத்த பிறகுதான் தெரிந்தது. ‘ஈ’ என்று எழுதியபோது சந்து முனையில் வேனின் ஹாரன் ஒலித்தது. பேனாவை மூடி என் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

அந்தத் தாளை ஒரு வாரத்துக்குள் கல்லூரியில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்கவும் மாட்டேன்.